மீண்டும் தொட்டிலுக்கு வந்த ஐரிஷ் பெயர்கள்

அயர்லாந்தில் 2021ஆம் ஆண்டு பிறந்த பெண் குழந்தைகளுக்கு ஆக அதிகமாகச் சூட்டப்பட்ட பெயர் ‘ஃபீயா’. எஃப், ஐ, ஏ, டி, எச் என ஐந்து எழுத்துகளில் எழுதுவார்கள். கடைசி இரண்டு எழுத்துகளும் வாயில் வருவதில்லை. காட்டுத்தன்மை, மான் என்ற பொருள்களோடு தொடர்புடைய பழைய ஐரிஷ் சொல் அது. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பெயர் கொண்ட பெண்ணை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே ஆண்டில் ஆண் குழந்தைகளின் பட்டியலில் முதலிடம் பிடித்த பெயர் ‘ஜாக்’. அது முழுக்க முழுக்க ஆங்கிலப் பெயர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. மகளுக்கு ஐரிஷ் பெயர், மகனுக்கு ஆங்கிலப் பெயர். இந்த இரட்டை நிலைக்குப் பின்னால் சுமார் 650 ஆண்டு வரலாறு இருக்கிறது.

பட்டியல் சொல்வது என்ன?

அயர்லாந்தின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைப் பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதன் கணக்கு 1964ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. மூன்று குழந்தைகளுக்குக் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர்களை அந்த அலுவலகம் வெளியிடுவதில்லை. அபூர்வப் பெயரைக் கொண்டு குடும்பத்தை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

1964இல் ஆண் குழந்தைகளில் முதலிடம் ஜானுக்கு. பெண் குழந்தைகளில் மேரிக்கு. இன்று மேரி முதல் பத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆண் பெயர்களில் 2007 முதல் 2022 வரை ஜாக்தான் முதலிடத்தில் இருந்தது. இடையில் 2016ஆம் ஆண்டு மட்டும் ஜேம்ஸ் அதை முந்தியது. பெண் பெயர்களில் 2011 முதல் 2019 வரை எமிலி, 2020இல் கிரேஸ், 2021இல் ஃபீயா, 2022இல் மீண்டும் எமிலி, 2023இல் மீண்டும் கிரேஸ்.

முதலிடத்தை மட்டும் பார்த்தால் ஆங்கிலப் பெயர்களின் ஆட்சி நடப்பதாகத் தோன்றும். சற்றுக் கீழே இறங்கினால் படம் மாறுகிறது. ரீயன், கிலியன், ஒஷீன், ஃபியன், டைக் ஆகிய ஆண் பெயர்களும் ஏவா, சீர்ஷா ஆகிய பெண் பெயர்களும் அண்மை ஆண்டுகளில் முன்வரிசையில் நிற்கின்றன. இவை எல்லாம் ஐரிஷ் மொழிப் பெயர்கள். ஐரிஷ் முறைப்படியே எழுதப்படுபவை.

ஜாக் என்ற பெயரும் பார்ப்பதுபோல் அத்தனை அந்நியமானது அல்ல. ஜான் என்ற பெயருக்குச் செல்லமாக வந்த வடிவம் அது. எபிரேய மொழியின் யோகனான்தான் ஆங்கிலத்தில் ஜான் ஆனது. நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த அதன் வடிவம் ஐரிஷ் வாயில் ஷான் ஆனது; அதன் பெண்பால் ஷிவோன் ஆனது. அதற்கும் முன்பே லத்தீன் வழியாக வந்த அதே பெயர் ஓவன் என்று ஒலிக்கும் மற்றொரு ஐரிஷ் பெயரானது. ஆக, 1964இல் முதலிடத்தில் இருந்த ஜானும் பின்னர் முதலிடத்துக்கு வந்த ஜாக்கும் ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

ஒரு சில பெயர்களே ஏன்?

முன்பு அயர்லாந்துக் குடும்பங்களில் பெயர் வைப்பதற்கு ஒரு வரிசை இருந்தது. மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தாவின் பெயர். மூத்த மகளுக்கு அம்மா வழிப் பாட்டியின் பெயர். இரண்டாவது மகளுக்கு அப்பா வழிப் பாட்டியின் பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தை அறிந்த குடும்பங்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். ஐந்தாறு பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றி வந்தன.

அதோடு கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கும் சேர்ந்துகொண்டது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் புனிதர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1983இல் வந்த புதிய தொகுப்பு அதைத் தளர்த்தியது. கிறிஸ்துவ உணர்வுக்கு மாறான பெயராக இல்லாதிருந்தால் போதும் என்றது. பழங்கதைகளில் வரும் வீரர்கள், தேவதைகளின் பெயர்களை வைப்பதற்கு இருந்த தயக்கம் இப்படிப் படிப்படியாகக் குறைந்தது.

மேரியின் கதை விசித்திரமானது. பழைய அயர்லாந்தில் அந்தப் பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கத் துணியவில்லை. இயேசுவின் தாய்க்கு மட்டுமே உரிய பெயர் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு வைக்கத் தொடங்கியபோதும் ஐரிஷ் மொழியில் அன்னை மரியாளுக்கு முயிரா என்ற வடிவத்தையும், ஊர்ப் பெண்களுக்கு மாய்ரா என்ற வடிவத்தையும் தனித்தனியே வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பெயர்தான் பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் பெயராகி, இப்போது அரிதாகிவிட்டது.

பெயரில் கை வைத்த சட்டங்கள்

அயர்லாந்தில் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய காலத்திலிருந்தே பெயர் ஓர் அரசியல் விவகாரமாக இருந்து வந்தது. 1366இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டங்கள், அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும், ஆங்கிலமே பேச வேண்டும் என்று கட்டளையிட்டன. குடியேறியவர்கள் உள்ளூர் மக்களோடு கலந்து ஐரிஷ்காரர்களாகவே மாறிக்கொண்டிருந்ததுதான் அந்தச் சட்டத்துக்குக் காரணம்.

1465இல் இன்னொரு சட்டம் வந்தது. டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்றது அது. ஏதாவது ஓர் ஊரின் பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற ஒரு நிறத்தின் பெயர், கொல்லர், தச்சர் போன்ற ஒரு தொழிலின் பெயர் என்று எப்படிப்பட்ட பெயர் வைக்கலாம் என்பதையும் அதுவே சொன்னது.

ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னால் வரும் ‘ஓ’ என்பதற்கு வழித்தோன்றல் என்று பொருள். ‘மாக்’ என்றால் மகன். பெண்களுக்கு வேறு ஒட்டு வரும். மலேசிய அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மகன், மகள் என்று குறிக்கும் எழுத்துகள் வருவதுபோல, அந்த ஒட்டே ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலமயமான காலத்தில் பல குடும்பங்கள் அந்த ‘ஓ’வையும் ‘மாக்’கையும் கழற்றி வைத்தன.

முதற்பெயர்கள் பெரிய அளவில் மாறியது 19ஆம் நூற்றாண்டில். 1831இல் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் தொடங்கியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர்; ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். அதிகம் அடிபட்டவை ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதிகள். பிழைக்க வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும் என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் பதிந்தது.

1864இல் எல்லாப் பிறப்புகளையும் அரசாங்கப் பதிவேட்டில் எழுதும் முறை வந்தபோது, பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில வடிவிலேயே ஏறின. மொழிபெயர்க்க வழியில்லாத பெயர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் ஒத்துப்போன ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். டைக் என்பவர் டிமதி ஆனார். டியர்முட் என்பவர் ஜெரமையா ஆனார். கானர் என்பதன் பழைய வடிவம் கார்னீலியஸ் ஆனது. கிரான்யா என்ற பெண் கிரேஸ் ஆனாள். வீட்டில் அழைக்க ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர் என்று இரண்டு பெயர்களோடு வாழ்ந்தார்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிவிட்ட பெயரையே பிறப்புப் பத்திரத்தில் சுமந்த மூத்தவர்களுக்கு இந்த நிலை புதிதாக இருக்காது.

அந்தக் கிரான்யா சாதாரணப் பெயர் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் மேற்குக் கடலில் கப்பல்களை நடத்திய வீரத் தலைவியின் பெயர் அது. 1593இல் லண்டனுக்குச் சென்று முதலாம் எலிசபெத் அரசியை நேரில் சந்தித்தவர் அவர். ஆங்கில நூல்கள் அவரை கிரேஸ் ஓமாலி என்று குறிக்கின்றன. 2020இலும் 2023இலும் முதலிடம் பெற்றது கிரேஸ்தான்; கிரான்யா அல்ல.

மாட்டிக்கொண்ட கழுதை வண்டி

1893இல் டக்ளஸ் ஹைட், ஓவன் மெக்நீல் முதலியோர் கேலிக் கழகத்தைத் தொடங்கினர். ஐரிஷ் மொழியை மீண்டும் பேச வைப்பதே அதன் நோக்கம். கழகத்தில் சேர்ந்த பலர் முதலில் செய்தது தங்கள் பெயரை ஐரிஷ் வடிவுக்கு மாற்றிக்கொண்டதுதான். மொழியைக் கற்க ஆண்டுகள் ஆகும். பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

அந்தக் காலச் சட்டப்படி வண்டி வைத்திருப்பவர் தம் பெயரைப் படிக்கும்படியாக வண்டியில் எழுத வேண்டும். வடமேற்கே டோனகல் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தம் வண்டியில் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதினார். படிக்க முடியாத எழுத்து என்று கூறி அவருக்கு அபராதம் விதித்தார்கள். 1905இல் வழக்கு டப்ளின் மேல் நீதிமன்றம் வரை சென்றது. அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பேட்ரிக் பியர்ஸ். வழக்கில் தோல்விதான் கிடைத்தது. சொந்த நாட்டில், சொந்த வண்டியில், சொந்த மொழியில் தன் பெயரை எழுதியவருக்கு அபராதம் என்ற செய்தி பலர் மனத்தைச் சுட்டது.

அதே பியர்ஸ் 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரானார். அந்த ஆண்டு மே 3ஆம் தேதி ஆங்கிலேயர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

விடுதலைக்குப் பிறகு

1922இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. பள்ளிகளில் ஐரிஷ் மொழி கட்டாயப் பாடமானது. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதலாவது ஆட்சி மொழி என்று அறிவித்தது. ஆனாலும் பெயர்கள் உடனே மாறிவிடவில்லை. 1964இலும் ஜானும் மேரியும்தான் முன்னிலையில் இருந்தனர்.

குடும்பம் சிறிதாகி, தாத்தா பாட்டி பெயர் வரிசை தளர்ந்து, திருச்சபையின் பிடியும் குறைந்த பிறகுதான் மாற்றம் வேகம் பிடித்தது. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நீவ், ஈஃபா, ஷினேட், கியாரா என்ற பெண் பெயர்கள் பெருகின. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் கானரும் ஷானும் ஆண் பெயர்களில் முதலிடத்துக்கே வந்தன. பள்ளியில் ஐரிஷ் படித்த தலைமுறை பெற்றோரானதும் அந்தப் பெயர்களை எழுதவும் படிக்கவும் தயங்காததே இதற்கு முக்கியக் காரணம்.

நாட்டில் நடக்கும் சம்பவங்களும் பெயரில் ஏறும். 1979இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அயர்லாந்துக்கு வருகை தந்தபோது ஜான் பால் என்ற பெயர் நாடு முழுவதும் பரவியது. சீர்ஷா என்றால் விடுதலை. பழங்கதைகளில் இல்லாத பெயர் அது. விடுதலைப் போராட்டத்துக்குப் பின் 20ஆம் நூற்றாண்டில்தான் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். நடிகை சீர்ஷா ரோனன் உலகப் புகழ் பெற்ற பிறகு வெளிநாட்டினருக்கும் அது பழகிய பெயராகிவிட்டது. 2024இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்ற கிலியன் மர்ஃபியின் பெயருக்கும் அதே கதைதான்.

எழுத்து ஒன்று, ஒலி ஒன்றா?

ஐரிஷ் பெயர்களைக் கண்டு ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறுகிறார்கள். என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதிவிட்டு நீவ் என்கிறார்கள். ஷிவோன் என்பதை எழுதும்போது நடுவில் பி, எச் வருகிறது. ஆனால் இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஐரிஷ் மொழிக்கு அதற்கென்று ஒழுங்கான விதிகள் உண்டு.

பழைய ஐரிஷ் எழுத்தில், மெய்யெழுத்து மென்மையாக ஒலிக்க வேண்டுமானால் அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். தட்டச்சும் ரோமன் அச்செழுத்தும் பரவியபோது அந்தப் புள்ளிக்குப் பதிலாக எச் எழுத்தைச் சேர்த்தார்கள். அதனால் பி, எச் சேர்ந்தால் ‘வ’ ஒலி. எம், எச் சேர்ந்தாலும் ‘வ’ ஒலி. விதி தெரிந்தவருக்குப் பெயர் தடங்கலின்றி வாயில் வரும்.

உயிரெழுத்தின் மேல் சாய்வாகப் போடும் கோட்டுக்கு ஃபாடா என்று பெயர். நீளம் என்பதே அதன் பொருள். குறிலை நெடிலாக்குவது அதன் வேலை. அதை விட்டுவிட்டால் பொருளே மாறிப்போகும். கோடு போட்டால் ஷான் என்ற பெயர். கோடு இல்லாவிட்டால் ஷன், அதாவது ‘பழைய’ என்று பொருள். கல்லுக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு வேறுபாடு.

ஆனால் பல கணினி முறைகள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளை மட்டுமே ஏற்கும். கடப்பிதழின் கீழ்ப்பகுதியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடும் வரிகளிலும் அந்தக் கோட்டுக்கு இடமில்லை. அந்தச் சிறு கோட்டை அலுவலகப் பதிவுகளில் சேர்க்க வேண்டும் என்று ஐரிஷ் மொழி பேசுவோர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். ஒரு காலத்தில் வண்டிப் பலகையில் வந்த அதே பிரச்சினை இன்று கணினித் திரையில் வந்து நிற்கிறது.

இன்றைய போக்கு

அண்மைக் காலத்தில் முன்னேறியிருக்கும் ஐரிஷ் பெயர்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். ஃபீயா, ரீயன், ஏவா என எல்லாம் குட்டிப் பெயர்கள். கேட்டவர் உடனே திருப்பிச் சொல்லிவிடலாம். ரீயன் என்றால் குட்டி அரசன். ஒஷீன் என்றால் குட்டி மான். டைக் என்றால் புலவர். பொருளும் இனிமை, ஒலியும் சுருக்கம்.

வேலை தேடி வெளிநாடு செல்வது பல தலைமுறைகளாக ஐரிஷ் குடும்பங்களின் வாழ்க்கையோடு ஒட்டியிருக்கிறது. நாளை லண்டனிலோ பாஸ்டனிலோ சிட்னியிலோ பிள்ளை தன் பெயரை ஒவ்வொரு நாளும் விளக்க வேண்டியிருக்குமா என்ற கேள்வி பெற்றோருக்கு இயல்பாகவே எழும். குட்டிப் பெயர்கள் வேரையும் விடாமல், வெளியூர் வாயிலும் சிதையாமல் நிற்கும்.

அயர்லாந்தும் மாறிவிட்டது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 51 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஐந்தில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். போலந்து, பிரேசில், இந்தியா எனப் பல நாட்டுக் குடும்பங்கள் அங்கே குடியேறியிருக்கின்றன. வகுப்பறை வருகைப் பதிவேட்டில் ஐரிஷ் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் பிள்ளைகளின் பெயர்களும் ஏறுகின்றன.

மலேசியா வரை வந்த பெயர்கள்

ஐரிஷ் பெயர்கள் மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்கும் அந்நியமானவை அல்ல. இங்குள்ள கான்வென்ட் பள்ளிகளிலும் பிரதர்கள் நடத்திய பள்ளிகளிலும் ஒரு காலத்தில் ஐரிஷ் சிஸ்டர்கள், பிரதர்கள் பலர் கற்பித்தனர். கெவின், பிரையன், ஷான் என்று இங்கே பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள் அயர்லாந்திலிருந்து கிளம்பியவைதான். மோரின் என்றால் குட்டி மேரி. கேத்லீன் என்பது கேத்தரினின் ஐரிஷ் வடிவம். மூத்த கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் கேட்கும் இந்தப் பாட்டிமார் பெயர்களை அயர்லாந்தில் இன்றைய இளம் பெற்றோர் அதிகம் விரும்புவதில்லை.

ஷீலா என்ற பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் ஷீலா, சீலம் என்ற வடமொழிச் சொல்லோடு உறவுடையது. அயர்லாந்தின் ஷீலாவோ செசிலியா என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஒலி ஒன்று, வேர் வேறு வேறு.

அமெரிக்காவில் 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் ஆண் குழந்தைகளின் பெயர்களில் முதலிடம் பெற்றது லியாம். வில்லியம் என்பதன் ஐரிஷ் வடிவத்தின் சுருக்கம் அது. பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்கள் கரையேறிய நாட்டிலேயே ஓர் ஐரிஷ் பெயர் முதலிடத்துக்கு வந்திருக்கிறது.

பெயர் வந்தது, பேச்சு?

ஐரிஷ் பழங்கதை ஒன்றில், நீவ் என்ற தேவதை ஒஷீன் என்ற வீரனை முதுமை இல்லாத நாட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். சில காலம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்து அவன் ஊர் திரும்புகிறான். அதற்குள் 300 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவனுக்குத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. குதிரையிலிருந்து விழுந்து மண்ணைத் தொட்டதும் அவன் ஒரே நொடியில் கிழவனாகிவிடுகிறான்.

இன்று ஒஷீன் என்ற பெயர் நாடெங்கும் தொட்டில்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை பிறந்த மொழியின் நிலை வேறு. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே தினமும் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் 71,968 பேர் மட்டுமே.

பெயர் வைப்பது ஒரு நாள் வேலை. அந்தப் பிள்ளையிடம் அதே மொழியில் சோறு ஊட்டவும், கண்டிக்கவும், கதை சொல்லவும் நாள்தோறும் வாய் வேண்டும். ஃபீயா என்று பெயர் சூட்டிய பெற்றோர்களில் பலர் மகளை மாலைப் பாடத்துக்கோ ஐரிஷ் வழிப் பள்ளிக்கோ அனுப்பி, கூடவே தாங்களும் மறந்துபோன சொற்களை மீண்டும் படிக்கிறார்கள். ஒரு தலைமுறை காகிதத்தில் விட்டுக்கொடுத்த பெயரை இன்னொரு தலைமுறை மீட்டுவிட்டது. மொழியை மீட்பதும் அப்படி முடியுமா என்பது இன்று தொட்டிலில் கிடக்கும் அந்தக் குழந்தைகள் பேசத் தொடங்கும்போதுதான் தெரியும்.